அயர்ன் மேனின் தியாகம்

தியாகம் என்கின்ற வார்த்தை மிகவும் மலிந்து போன வார்த்தையாகும். மேடை ஏறியவர்கள் எல்லாம் தியாகி என்பதும், மாலை போடுகின்றவர்கள் எல்லாம் தியாகத்தைப் புகழுவதும் வழக்கமாய் விட்டபடியால், ஒருவன் எதைக் கொடுத்தான், எதற்காகக் கொடுத்தான், கொடுத்த பொருள் அவனுடையதுதானா என்று கேட்பவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். இக்கேள்விகளை உயிரோடிருக்கும் மனிதர்களிடத்தில் கேட்டால் கோபம் வருகின்றது. கதையில் வருகின்ற மனிதர்களிடத்தில் கேட்டால் யாருக்கும் கோபம் வர நியாயமில்லை. ஆதலால், நமது வாலிபர்கள் பெரிதும் விரும்பிப் பார்க்கின்ற "சூப்பர் ஹீரோ" கதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

அயர்ன் மேன், அதாவது இரும்பு மனிதன், என்னும் பாத்திரம் அமெரிக்காவில் மார்வெல் கம்பெனியாரின் சித்திரக் கதைப் புத்தகத்தில் 1963-ம் வருஷத்தில் வந்ததாகும். 2008-ல் அது சினிமாவாயிற்று. 2019-ல் வந்த "அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்" என்ற படத்தில் அவன் சாகின்றான். அப்படம் தமிழிலும் பேச வைக்கப்பட்டு நமது கொட்டகைகளிலும் ஓடியது. அவன் சாகின்ற கட்டத்தில் கண்ணீர் விட்டவர்கள் பலர் உண்டு. அழுததைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. எதற்காக அழுதோம் என்று தெரிந்துகொண்டு அழுதால் பிரயோஜனமுண்டு என்பதுதான் நமது அபிப்பிராயம்.

முதலில் அவன் யார் என்று பாருங்கள். டோனி ஸ்டார்க் என்பது அவன் பெயர். தகப்பன் சேர்த்து வைத்த ஆயுதத் தொழிற்சாலைக்கு வாரிசு. மகா புத்திசாலி, அந்தப் புத்தியைக் கொண்டு மனிதனை மனிதன் சுலபமாய்க் கொல்லுவதற்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்துப் பணம் சேர்த்தவன். அந்த ஆயுதம் யார் வீட்டில் விழுகின்றது என்று ஒரு நாளும் அவன் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஆப்கானிஸ்தானத்தில் தன் சரக்கைக் காட்டி விற்கப் போன இடத்தில், தன் கம்பெனிப் பெயர் எழுதிய குண்டே தன் பக்கத்தில் வந்து விழுந்து வெடிக்க, அதன் சில்லுகள் மார்பில் பாய்ந்து, ஒரு குகையில் கைதியாகக் கிடக்கின்றான். குகைக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்தால் அவைகளும் அவன் கம்பெனிச் சரக்குகளே. அவன் புத்தி திரும்பியதற்கு அசரீரி எதுவும் காரணமல்ல. தன் தொழிலின் பலனைத் தன் கண்ணாலேயே பார்த்ததும், தன் உடம்பிலேயே அனுபவித்ததும்தான் காரணம்.

அந்தக் குகையில் யின்சென் என்று ஒரு வைத்தியன் இருந்தான். ஸ்டார்க்கின் மார்பில் ஒரு மின்சாரக் காந்தத்தை வைத்து, சில்லுகள் இருதயத்திற்குள் போகாமல் தடுத்து, உயிரைக் காப்பாற்றியவன் அவனே. இருவரும் சேர்ந்து இரும்புக் கவசத்தைச் செய்கின்றார்கள். கவசத்திற்குச் சக்தி ஏறுவதற்குச் சில நிமிஷம் போதாமல் போனபோது, அந்தச் சில நிமிஷத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதற்காக யின்சென் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எதிரிகள் கூட்டத்திற்குள் ஓடிச் செத்துப் போகின்றான். அவனுடைய குடும்பத்தார் முன்னமே கொல்லப்பட்டு விட்டார்கள். கிடைத்த உயிரை வீணாக்காதே என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்ன புத்தி. இந்த மனிதனை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டுகின்றோம். கடைசியில் இவனிடத்திற்குத் திரும்பி வருவோம்.

ஊர் திரும்பிய ஸ்டார்க் ஆயுத உற்பத்தியை நிறுத்தினான். நல்ல காரியமே. ஆனால் நல்ல காரியம் செய்த மாத்திரத்தில் ஒருவன் நல்லவனாகி விடுவதில்லை. 2010-ல் வந்த படத்தில், உலக சமாதானமே தன் ஒருவன் கையில் இருப்பதாகச் சட்டசபைக் கமிட்டியின் முன் பெருமை பேசுகின்றான். 2012-ல் வந்த "அவெஞ்சர்ஸ்" படத்தில் ஸ்டீவ் ரோஜர்ஸ் என்னும் காப்டன், பிறருக்காகத் தன்னைப் பலி கொடுக்கிற மனிதன் நீயல்ல என்று முகத்திற்கு நேராகவே சொல்லி விடுகின்றான். அப்படிச் சொல்ல அவனுக்கு யோக்கியதை உண்டு. ஏனென்றால் அவனுக்குப் பலம் வருவதற்கு முன்னமேயே, நோஞ்சான் பையனாயிருந்த காலத்திலேயே, பட்டாளத்தில் வெடிக்காத குண்டு ஒன்றை நிஜக் குண்டென்று நம்பி, மற்றவர்கள் ஓடும்போது தான் மாத்திரம் அதன்மேல் விழுந்து படுத்தவன். அதே 2012 படத்தின் கடைசியில் நியூயார்க் நகரத்தின்மேல் ஏவப்பட்ட அணுகுண்டை ஸ்டார்க் தன் முதுகில் தாங்கி, ஆகாயத்தில் திறந்திருந்த வாசல் வழியாய் வேற்றுலகத்தாரின் கப்பலுக்கே கொண்டு போய் விடுகின்றான். காப்டனின் வார்த்தை பொய்யாயிற்று. என்றாலும் கதை அங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் அது சாதாரணக் கதையாகவே இருந்திருக்கும்.

அன்று ஆகாயத்தில் கண்ட காட்சி அவனுக்குப் பெரும் பயத்தைக் கொடுத்து விட்டது. தூக்கம் போயிற்று. பயம் பிடித்தவன் கையில் பலமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2015-ல் வந்த படம் காட்டுகின்றது. உலகத்தைச் சுற்றிக் கவசம் போட வேண்டும் என்ற எண்ணத்தில், கூட்டாளிகள் பெரும்பாலோரைக் கேளாமல், அல்ட்ரான் என்னும் சிந்திக்கும் யந்திரத்தை உண்டாக்கினான். அந்த யந்திரம் மனித சமூகத்தையே ஒழிக்கப் புறப்பட்டது. சொக்கோவியா என்னும் ஊர் அழிந்தது. 2016 படத்தில், அங்கே மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி ஸ்டார்க்கின் எதிரில் நின்று கேள்வி கேட்கின்றாள். அவனிடத்தில் பதில் இல்லை. அவன் எண்ணம் கெட்ட எண்ணமா என்றால் அல்லவே அல்ல. உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். ஆனால் பிறர் உயிரைப் பணயமாக வைத்து, அந்தப் பிறரைக் கேளாமல் செய்கின்ற நன்மைக்கு நன்மை என்று பெயர் சொல்லலாமா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதற்கென்றே வந்தவன் போல 2018 படத்தில் தானோஸ் என்பவன் வருகின்றான். அண்டத்தில் ஜீவராசிகள் பெருத்து விட்டன, உணவு போதாது, ஆகவே சரிபாதியை அழித்தால் மீதிப் பாதி சுகமாயிருக்கும் என்பது அவன் சித்தாந்தம். இதற்கு ஆறு கற்கள் வேண்டும். அவற்றில் ஒரு கல், தான் நேசிக்கின்ற ஓர் உயிரைக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கின்றார்கள். தானோஸ் தான் எடுத்து வளர்த்த மகள் கமோராவை, அவள் கதறக் கதற மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லுகின்றான். தள்ளும்போது அழுகின்றான். எல்லாவற்றையும் இழந்துதான் இதைச் சாதித்ததாகப் பின்னால் சொல்லியும் கொள்ளுகின்றான். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்ணீர் விட்டான் என்பதால் தேங்காய் அவனுடையதாகி விடுமா? மகள் உயிர் மகளுடையது. அதைக் கொடுக்கத் தகப்பனுக்கு என்ன பாத்தியதை?

அதே மலை, அதே கல், அதே விலை 2019 படத்திலும் வருகின்றது. இம்முறை அங்கே வந்தவர்கள் நடாஷா என்னும் பெண்ணும் அவளது நண்பன் கிளின்டும். நான்தான் சாவேன் என்று இருவரும் ஒருவரையொருவர் பிடித்து இழுத்துச் சண்டை போட்டுக்கொள்ளுகின்றார்கள். நடாஷா முந்திக்கொண்டு விழுந்து விடுகின்றாள். தள்ளினவனுக்கும் கிடைத்தது கல். விழுந்தவளால் கிடைத்ததும் கல். கல்லைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவது கொலை, இரண்டாவது தியாகம். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாதவர்களுக்குத் தியாகத்தைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை என்றே சொல்லுவோம்.

இப்பொழுது ஸ்டார்க்கின் கடைசிக் கட்டத்திற்கு வருவோம். பாதி உலகம் அழிந்து ஐந்து வருஷம் ஆகி விட்டது. அவனுக்கு மனைவி இருக்கின்றாள், மார்கன் என்று ஒரு பெண் குழந்தை இருக்கின்றது, ஏரிக்கரையில் ஒரு வீடு இருக்கின்றது. அழிந்தவர்களை மீட்க ஒரு வழி உண்டு என்று நண்பர்கள் வந்து கேட்டபோது, முதலில் முடியாதென்று சொல்லி அனுப்பி விடுகின்றான். இதைச் சிலர் கோழைத்தனம் என்பார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் உடனே சரி என்று சொல்லலாம். இழப்பதற்கு உள்ளவன் யோசிக்கத்தான் செய்வான். அன்றிரவு, தன் கையிலேயே சாம்பலாய்ப் போன பீட்டர் என்ற பையனின் படம் கண்ணில் படுகின்றது; வழியைக் கண்டுபிடிக்கின்றான். கண்டுபிடித்ததும் முன்போல ஒளித்துச் செய்யவில்லை. மனைவியிடம் சொல்லிக் கேட்கின்றான். இந்த ஐந்து வருஷத்தில் கிடைத்தது அழியக்கூடாது என்று நண்பர்களிடத்தில் நிபந்தனை போடுகின்றான். கடைசியில் அந்த ஆறு கற்களையும் தன் கையில் ஏற்றுக் கொண்டு, அந்தச் சக்தி தன்னைக் கொல்லும் என்று அறிந்தே, தானோஸையும் அவன் படையையும் அழித்து, தானும் சாகின்றான். 2015-ல் உலகத்தைப் பணயம் வைத்துத் தன் பயத்தைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தவன், 2019-ல் தன்னைப் பணயம் வைத்து உலகத்தைக் காக்கின்றான். அவன் குணம் மாறி வந்த வழி முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கி விடும்.

இதற்குச் சில ஆட்சேபணைகள் சொல்லப்படுகின்றன. ஸ்ட்ரேஞ்ச் என்னும் மந்திரவாதி ஒரு கோடியே நாற்பது லட்சத்துச் சொச்சம் எதிர்காலங்களைப் பார்த்து, ஒன்றில்தான் ஜெயம் என்று முன்னமேயே சொல்லி விட்டானே, அப்படியானால் ஸ்டார்க் செத்தது விதிதானே என்கின்றார்கள். விதியென்றால் தோற்றுப் போன மற்ற எதிர்காலங்கள் எங்கிருந்து வந்தன? அந்த ஒன்றும் தானாக நடந்து விடவில்லை. ஒரு மனிதன் தன் கையை நீட்டியதால் நடந்தது. நீட்டாமலும் இருந்திருக்கலாம். அந்த இருந்திருக்கலாம் என்பதில்தான் அவன் பெருமை இருக்கின்றது.

இன்னும் சிலர், இவ்வகைக் கதைகளில் செத்தவன் திரும்பி வந்து விடுகின்றானே, இது என்ன தியாகம் என்கின்றார்கள். இது நியாயமான ஆட்சேபணையே. சூப்பர்மேனை 1992-ல் சாகடித்து, புத்தகம் ஏராளமாய் விற்ற பிறகு, 1993-ல் எழுப்பி விட்டார்கள். திரும்பி வருமென்று தெரிந்து கொடுப்பதற்குக் கடன் என்று பெயர். கதை எழுதுகின்றவர்கள் வியாபாரத்திற்காக இப்படிச் செய்யும்போது, தங்கள் வீரன் கொடுத்ததைத் தாங்களே பிடுங்கிக்கொள்ளுகின்றார்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டார்க் செத்ததினால் அவன் செய்த பாவமெல்லாம் தீர்ந்து போயிற்று என்று சிலர் எழுதுகின்றார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அவன் கம்பெனிக் குண்டில் செத்தவர்கள் செத்தவர்களே. சொக்கோவியாத் தாயின் மகன் எழுந்து வரவில்லை. தியாகம் பழைய கணக்கைக் கழுவுகின்ற தீர்த்தமல்ல. இனிமேல் நடக்க வேண்டியதற்குக் கொடுக்கின்ற விலையாகும். அவ்வளவு அளவில் அதை மதித்தால் போதும்.

ஸ்டார்க்கிற்கு இரும்புக் கவசம் இருந்தது, பணம் இருந்தது, உலகம் முழுதும் பெயர் இருந்தது. அவன் சாவுக்கு வீரர்கள் எல்லாரும் ஏரிக்கரையில் வந்து வரிசையாய் நின்றார்கள். யின்செனுக்கு இவை ஒன்றுமில்லை. ஒரு துப்பாக்கியும் சில நிமிஷமுமே இருந்தன. அந்தச் சில நிமிஷம் இல்லையென்றால் பின்னால் வந்த அயர்ன் மேனே இல்லை. வாலிபர்களே! அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது, பறக்கின்றவனைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன், குகையில் செத்தவனையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். நம்மில் யாருக்கும் இரும்புக் கவசம் கிடைக்கப் போவதில்லை. யின்சென் கொடுத்த மாதிரியான சில நிமிஷம் நம் எல்லாரிடத்திலும் இருக்கின்றது.