சுவருக்கு அஸ்திவாரம் போட்டது யார்?

தோழர்களே! பெர்லின் நகரை இரண்டாகப் பிளந்து நின்ற சுவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது வல்லரசுகளின் சண்டையில் எழுந்த சுவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறு பாதியைத் தொழிலாளர்களாகிய நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

1953 மே மாதம் கிழக்கு ஜெர்மனி அரசு ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளி செய்து முடிக்க வேண்டிய வேலையின் அளவு குறைந்தது 10 சதவீதம் கூட வேண்டும். கூலி மட்டும் கூடாது. மரத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைப் பழையபடியே வைத்தால் என்ன பொருள் என்று பால்மரம் வெட்டுகிற எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

அங்கே தொழிற்சங்கம் இல்லையா? இருந்தது. அதற்கொரு பத்திரிகையும் இருந்தது. ஜூன் 16-ஆம் தேதி அப்பத்திரிகை என்ன எழுதிற்று? வேலையளவைக் கூட்டியது சரியே என்று எழுதிற்று! தொழிலாளியிடம் சந்தா வாங்கிய சங்கம், உத்தரவு போட்டவர்களுக்கு வக்காலத்து வாங்கிற்று. அன்றே ஸ்டாலின் பெருவீதியில் கட்டட வேலை செய்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். மறுநாள் நூற்றுக்கணக்கான ஊர்களில் கிளர்ச்சி பரவியது. தொழிலாளர், விவசாயிகளின் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்த அரசைக் காப்பாற்றச் சோவியத் டாங்கிகள் வந்தன. குறைந்தது 55 பேர் மாண்டனர்.

வாய் அடைபட்டவனுக்கு மிஞ்சியது கால்தான். 1949 முதல் 1961 வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே போய்விட்டனர். ஏன் போகிறார்கள் என்று அரசு கேட்கவில்லை. எப்படித் தடுப்பது என்றுதான் கேட்டது. சுவர் எழுப்பும் எண்ணம் எவருக்கும் இல்லையென்று 1961 ஜூன் 15-இல் அந்நாட்டுத் தலைவர் வால்ட்டர் உல்பிரிக்ட் நிருபர்களிடம் சொன்னார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை, ஊர் உறங்கும் நேரத்தில் முள்கம்பி இழுத்தார்கள். பிறகு கான்கிரீட் வந்தது. மேற்கு பெர்லினைச் சுற்றி ஏறக்குறைய 155 கிலோமீட்டர்! எல்லை தாண்டி வேலைக்குப் போய்வந்த சுமார் 50,000 பேருக்கு ஒரே இரவில் பிழைப்புப் போயிற்று.

அதைப் பாசிசத்தைத் தடுக்கும் அரண் என்றார்கள். அரண் என்றால், துப்பாக்கி ஏன் உள்ளே இருப்பவனைக் குறி பார்த்தது? 1962 ஆகஸ்டு 17-இல் சுவரடியில் சுடப்பட்டு, உதவிக்கு ஆளின்றி இரத்தம் சிந்தி மாண்ட பீட்டர் ஃபெக்டர் யார்? 18 வயதுக் கொத்தனார். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்!

1989 நவம்பர் 9-இல் அந்தச் சுவர் திறந்தது. அது தங்கள் வெற்றியென்று முதலாளிகள் மார்தட்டுவதையும் நாம் ஒப்ப மாட்டோம். அதன்பின் கிழக்கின் ஆலைகள் விற்கப்பட்டன, மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அப்போதும் தொழிலாளியின் சொல் எடுபடவில்லை.

நாம் கற்க வேண்டியது இதுதான்: அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் 1961-இல் போடப்படவில்லை. 1953-இல், சங்கம் உத்தரவு போட்டவர்களின் வாயாக மாறிய அன்றே போடப்பட்டது. ஆகவே தோழர்களே, கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். நிர்வாகிகளைக் கேள்வி கேளுங்கள். இந்தப் பத்திரிகையையும் கேளுங்கள். கேட்கிற தொழிலாளி உள்ளவரைதான் சங்கம் தொழிலாளியுடையது!