கையெழுத்து போட மாட்டேன்

நேற்று மாலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருக்கோடியில் மூன்று வருடம் முன்பு எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க நிர்வாகிகள். மரியாதை தெரிந்தவர்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள், காபி குடித்தார்கள். அதன் பிறகு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு எழுதிய ஒரு மனுவை நீட்டினார்கள்.

"மேம், இந்த ஏரியாவுல நீங்கதான் ரொம்ப சீனியர். டீச்சர் வேற. உங்க கையெழுத்து முதல்ல இருந்தா வெயிட்டா இருக்கும்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். மூன்று கோரிக்கைகள். ஒன்று, தெருமுனையில் நிற்கும் இஸ்திரி வண்டியை ஆக்கிரமிப்பு என்று அகற்ற வேண்டும். இரண்டு, காலையில் மீன் விற்க வரும் அம்மாவைத் தெருவுக்குள் விடக்கூடாது. மூன்று, டீக்கடை வாசலில் கிடக்கும் பெஞ்சை எடுக்க வேண்டும், அங்கே 'தேவையில்லாத ஆட்கள்' உட்காருகிறார்கள். கடைசி வரி: 'இவையெல்லாம் எங்கள் பகுதியின் தரத்தையும் மதிப்பையும் பாதிக்கின்றன.'

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து போட மாட்டேன் என்றேன். ராத்திரிக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. "படிச்சவங்களே இப்படிச் சொல்லலாமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே தொலைந்துபோகும். அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். 34 வருடம் மாநகராட்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவள், சுருக்கமாகப் பேச வராது.

முதலில் 'ஆக்கிரமிப்பு'. சொல்லின் பொருள் தெரிந்துதானே பயன்படுத்துகிறோம்? இஸ்திரி வண்டி ஆறடி நீளம், நாலடி அகலம். இன்று காலை பால் வாங்கப் போனபோது எண்ணிப் பார்த்தேன், நம் தெருவில் ராத்திரி பகலாக ரோட்டில் நிற்கும் கார்கள் பதினொன்று. அதில் மூன்றுக்கு மேல் உறை போட்டிருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை உறை எடுப்பதைப் பார்த்தாலே அதிசயம். உங்கள் குடியிருப்பின் கார் ஏறும் சாய்தளம் பொதுச் சாலையில் மூன்றடி வந்திருக்கிறது. அதற்காகவே மழைநீர் போகும் வழி அடைபட்டு, ஐப்பசி பிறந்தால் என் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறது. இதற்கெல்லாம் 'பார்க்கிங்' என்று பெயர், 'ரேம்ப்' என்று பெயர். ஒரு மனிதன் நின்றுகொண்டே பிழைக்கும் இருபத்துநாலு சதுர அடிக்கு மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர். இந்தக் கணக்கை என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

சட்டமும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், மனு சட்டத்தைத்தானே துணைக்கு அழைக்கிறது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பொருள் விற்பவர்கள் மட்டுமல்ல, தெருவில் சேவை செய்து பிழைப்பவர்களும் அதில் அடக்கம். கூடை தூக்கிக்கொண்டு நடந்து விற்பவர்களும் அடக்கம். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் கடை போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் நாற்பது வீட்டுக்காரர்களுக்குக் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவரைத் துரத்தலாம் என்றும் சொல்லவில்லை.

அந்த இஸ்திரிக்காரர் யார் என்று தெரியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, உங்கள் லிஃப்ட் ஓடவில்லை. பால் பாக்கெட் கிடைக்காமல் சென்னையே அல்லாடியது. அப்போது எங்கேயோ போய் வரிசையில் நின்று பால் வாங்கி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு, சாக்கடை கலந்த தண்ணீரில் நடந்து வந்து உங்கள் மூன்றாவது மாடி வரை ஏறிக் கொடுத்தது அவர்தான். கைக்குழந்தை இருந்த வீடு அது. அந்த வீட்டுக்காரரின் கையெழுத்தும் மனுவில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும்.

இரண்டாவது, மீன். 'துர்நாற்றம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா விடியற்காலை காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறி (எல்லா பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள்) எட்டு மணிக்கு இங்கே வருகிறார். ஒன்பதரைக்குப் போய்விடுகிறார். போகும்போது உட்கார்ந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போகிறார். உங்கள் குடியிருப்பின் வாசலில் தினமும் ஆப்பில் ஆர்டர் செய்த மீன் வந்து இறங்குவதையும் நான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் டப்பாவில், ஐஸ் போட்டு, சீருடை போட்ட பையன் கொண்டுவருகிறான். கடல் ஒன்றுதான், வஞ்சிரமும் ஒன்றுதான். தலையில் சுமந்து வந்தால் நாற்றம், பைக்கில் வந்தால் 'ஃப்ரெஷ்'. மீன் சாப்பிடாதவர்களுக்கு வாசனை பிடிக்காமல் இருக்கலாம். அதைப் புரிந்துகொள்கிறேன், என் மாமியாருக்கும் பிடிக்காது. அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். மனு எழுத மாட்டார்.

மூன்றாவது, அந்த பெஞ்ச். 'தேவையில்லாத ஆட்கள்' யாரென்று போய்ப் பார்த்தேன். காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டித் தொழிலாளர்கள். பத்து மணிக்கு உங்கள் குடியிருப்பிலேயே வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர். மதியம் டெலிவரிப் பையன்கள். உங்களுக்குத் தேவைப்படாதவர் ஒருவர்கூட அந்த பெஞ்சில் உட்காரவில்லை. அவர்கள் தேவை, அவர்கள் உட்காருவதுதான் தேவையில்லை. அப்படித்தானே?

அந்த இரண்டு பெண்கள் ஏன் பத்து மணிக்கு அங்கே வருகிறார்கள் என்று கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டார்கள். பிறகு சொன்னார்கள். ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் மூன்று வீடு. எந்த வீட்டிலும் கழிப்பறைக்குப் போகக் கூடாது. கீழே வாட்ச்மேனுக்கு இருக்கும் அறையில் தாழ்ப்பாள் கிடையாது. டீக்கடைக்காரர் தன் வீட்டுப் பின்பக்கக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறார். அதற்காகத்தான் வருகிறார்கள். நம் கழிப்பறையைக் கழுவுகிறவருக்கு அதைப் பயன்படுத்த உரிமை இல்லை. அவர்களுக்கு சர்வீஸ் லிஃப்ட் மட்டும்தான் என்று போன மாதம் ஒட்டிய அறிவிப்பையும் பார்த்தேன். இதற்கு நம் பாட்டன் காலத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. இப்போது 'அபார்ட்மென்ட் ரூல்ஸ்' என்கிறோம்.

இனி 'பகுதியின் தரம்'. பெரம்பூரின் தரம் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். 1955ல் ஐ.சி.எஃப். இங்கே தொடங்கியது. இந்தியா முழுக்க ஓடும் ரயில் பெட்டிகள் எத்தனை ஆயிரம் அங்கிருந்து போயிருக்கின்றன! 2018ல் வந்தே பாரத்தின் முதல் ரயிலும் அங்கேதான் தயாரானது. பக்கத்தில் பின்னி மில். அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சங்கம். நீங்கள் மனு கொடுக்கப் போகும் மண்டல அலுவலகத்தின் பெயரைக் கவனித்தீர்களா? திரு.வி.க. நகர் மண்டலம். உழைக்கிறவர்களுக்காக நின்றவர் பெயர் தாங்கிய அலுவலகத்தில் போய், உழைக்கிறவர்களை அகற்றுங்கள் என்று மனு. கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

சினிமாவில் வடசென்னை என்றால் அரிவாள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வாசலில் கேமரா வைக்கிறோம். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இதே வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடி மைதானங்களில் மாலையில் கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். இந்த ஊரின் மதிப்பு அவர்களிடம் இருக்கிறது. சதுர அடி விலையில் மட்டும் தேடினால் கிடைக்காது.

அந்த விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பு ஏறினால் எல்லோருக்கும் நல்லது என்கிறீர்கள். விற்கப் போகிறவருக்கு நல்லது. இஸ்திரிக்காரர் இதே தெருவின் பின்சந்தில் பதினெட்டு வருடம் குடியிருந்தார். வாடகை ஏறி ஏறி, போன வருடம் மாதவரம் தாண்டிப் போய்விட்டார். இப்போது முதல் பஸ் பிடித்து வருகிறார். வீடு போய்விட்டது, மிச்சமிருப்பது அந்த வண்டி நிற்கும் இடம்தான். அதையும் கேட்கிறீர்கள்.

'அகற்றுதல்' என்ற சொல் எனக்கு ஏன் இப்படிச் சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கால்வாய்க் கரைக் குடிசைகளை அகற்றிக் கண்ணகி நகருக்கு அனுப்பியபோது நான் வேலையில் இருந்தேன். பள்ளி ஆண்டின் நடுவில், ஒரு திங்கட்கிழமை, என் வகுப்பில் ஏழு இடம் காலி. நகரத்தின் மறுகோடி. தினமும் வந்துபோக முடியாது. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அந்த ஏழு பெயர்களையும் சிவப்பு மையில் அடித்தது இந்தக் கைதான். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போய்ப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கையால் இந்த மனுவில் கையெழுத்து போடச் சொல்கிறீர்கள்.

புதிதாக வந்தவர்களை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். பழைய ஆட்கள் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் அப்பா ரயில்வே ஒர்க்ஷாப் தொழிலாளி. 'நாம ரயில்வே குடும்பம்' என்று சொல்லி, மில் தொழிலாளர் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்று அம்மா எங்களைத் தடுத்ததுண்டு. இரண்டு பக்கமும் கைலி கட்டின தொழிலாளிகள்தான், ஆனால் ஒரு ரோட்டைத் தாண்டினால் தரம் குறைந்துவிடுமாம். இன்றும் 'வெஜிடேரியன் ஒன்லி' போர்டு மாட்டி வாடகைக்கு ஆள் தேடுவது எங்கள் பழைய வீடுகளில்தான்.

என் கதையையும் சொல்கிறேன். 2009ல் மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் போனில் எந்த ஏரியா என்று கேட்டார்கள். "புரசைவாக்கம் பக்கம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "ஏம்மா, அவங்க வர்றப்ப பெரம்பூர் ஸ்டேஷன்லதானே எறங்கணும்?" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம்தான் இன்றைக்கு இவ்வளவையும் எழுத வைக்கிறது. ஊரைச் சொல்ல வெட்கப்பட்டவள் நான். நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊரையே மாற்றிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்கிறீர்கள்.

குறைகளே இல்லையா? இருக்கின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்பீக்கர் போட்டால் எனக்கும் தூக்கம் போகிறது. அது எந்தச் சாமிக்கான ஸ்பீக்கராக இருந்தாலும். டீக்கடை வாசலில் காகிதக் கப் குவிகிறது. கரிப்புகை காற்று அடிக்கும்போது முதல் வீட்டுக்குள் போகிறது. இவற்றையெல்லாம் பேசலாம். கேஸ் இஸ்திரிப்பெட்டி இப்போது கிடைக்கிறது, நாற்பது வீடு ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்துவிடலாம், புகையும் போய்விடும். கடைக்கு ஒரு குப்பைத்தொட்டி போதும். அடைபட்ட வடிகால், வாரம் ஒருமுறை கலங்கி வரும் குடிநீர், எரியாத தெருவிளக்கு, இதற்கெல்லாம் மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. மண்டல அலுவலகத்துக்கு நானே ஆட்டோ பிடித்து வருகிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் சங்கக் கூட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் உறுப்பினர் இல்லை, ஆனாலும் வருவேன். இஸ்திரிக்காரரையும் மீன்காரம்மாவையும் அந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வருவேன். மனுவில் எழுதியதை அவர்கள் முகத்தைப் பார்த்துப் படியுங்கள். படிக்க முடிந்தால், அப்புறம் பேசுவோம்.

எங்களை எந்த லிஃப்டில் ஏறச் சொல்வீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். எனக்கு முழங்கால் வலி.