தலையில் கோத்தது குளித்த நீரா?

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம் பார்த்து, விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறியவருக்கு மறுநாள் நெற்றி கனத்தால், வீட்டிலேயே தீர்ப்பு ஆகிவிடும்: “தலையில நீர் கோத்துக்கிச்சு.” கூடவே இன்னொன்றும் வரும்: “சைனஸுக்கு ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வந்துடும்.”

குளித்த நீர் உச்சந்தலையைத் தாண்டி மண்டைக்குள் இறங்க வழியே கிடையாது. சைனஸ் குழிகளில் இருப்பது காற்று. சளியைச் சுரப்பது அவற்றின் உட்சவ்வு. சளி வெளியேறாமல் தேங்கும்போதுதான் தொல்லை. நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தால் இதமாக இருப்பது உண்மைதான். இளகுவது அந்தச் சளி.

அப்படியானால் குழியின் அடியில் ஓட்டை போட்டால் வடிந்துவிடாதா? மருத்துவர்களே நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவில் கால்டுவெல் 1893இலும் பாரிஸில் லுக் 1897இலும் விவரித்த அறுவையில், மேலுதட்டுக்கு உட்புறம் வெட்டிக் கன்னக் குழியைத் திறந்து, மூக்கின் கீழ்ப்பகுதிக்கு வழி விட்டார்கள். ஆனால் ஏரிக்கு மதகு கரையின் அடியில் இருக்கும். கன்னக் குழிக்கோ வாசல் உட்சுவரின் மேற்பகுதியில். சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கி அந்த வாசலுக்கே தள்ளும். அடியில் புது ஓட்டை இருந்தாலும் சளி அதைச் சுற்றிக்கொண்டு மேலேறிவிடும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கர் இந்த ஓட்டத்தைப் பொறுமையாக ஆராய்ந்தார். மூக்கு எண்டோஸ்கோப்பி பற்றிய அவரது நூல் 1978இல் வந்தது.

நெற்றிக் குழி, கன்னக் குழி, கண்களுக்கு இடையேயுள்ள முன் எத்மாய்டு அறைகள் ஆகிய மூன்றுக்கும் வடிகால், மூக்கின் பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நடு மடிப்புக்கு (நடு டர்பினேட்) கீழே உள்ள ஒரே குறுகிய இடுக்கு. பின் எத்மாய்டு அறைகளுக்கும், மூக்கின் பின்னாழத்தில் உள்ள ஸ்பீனாய்டு குழிக்கும் வழி வேறு. முன்பு சொன்ன இடுக்கில் சவ்வு கொஞ்சம் வீங்கினாலும் மூன்றும் அடைபடலாம். எண்டோஸ்கோப் அறுவை முக்கியமாகச் சீர்செய்வது இந்த இடுக்கைத்தான்.

திரும்ப வரும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மூக்கில் சதை வளர்பவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வரலாம். கத்தி ஒவ்வாமையை அறுக்காது. அதனால்தான் அறுவைக்குப் பிறகும் உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் தேவைப்படுகின்றன. வழி திறந்திருந்தால் மருந்து உள்ளே நன்றாகப் போய்ச் சேரும். இயற்கை வாசலோடு சேர்க்காமல் பக்கத்தில் தனி ஓட்டை போட்டால், ஒரு வழியில் வெளியேறிய சளி மறு வழியில் உள்ளே திரும்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படித் திரும்புவது ஓட்டையின் இடம் தவறியதால் வருவது.

இன்னொரு சங்கதி: ‘எனக்கு சைனஸ் தலைவலி’ என்று நம்பிய 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டபோது, 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ஒருவருக்குத் தலைவலியோடு குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வந்து, சி.டி. ஸ்கேனில் குழிகள் சுத்தமாகத் தெரிந்தால், அவருக்கு மூக்கில் திறக்க எதுவுமே இல்லை.