ஆச்சி கேட்ட கேள்வி

மானிப்பாய் வைத்தியசாலையின் பழைய வரலாற்றை நம் இளைஞருட் பலர் அறியார். 1847ஆம் ஆண்டு, ஏறக்குறைய 25 வயதில், அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர் டாக்டர் சாமுவேல் கிறீன். தமிழைக் கற்று, மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே மாணாக்கர்க்குப் போதித்தார். அங்காதிபாதமும் இரணவைத்தியமும் தமிழ் நூல்களாயின. 1873ஆம் ஆண்டு தாயகம் திரும்புமுன் அவர் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேலாவர். ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வர், தமிழிற் கற்றோர் கிராமத்திலேயே நின்று பிணி தீர்ப்பர் என்பது அவர் கருத்து. தம் மாணாக்கர் வேட்டியை நீக்கிக் காற்சட்டைக்கு மாறுவதையும் அவர் விரும்பினாரல்லர்.

இதனை வெறும் மொழிப்பற்றென்று கொள்ளலாகாது. குருவும் சீடனும் தன்னைப்பற்றிப் பேசுவது என்னவென்று கட்டிலிற் கிடந்த நோயாளிக்கும் விளங்கிற்றன்றோ!

1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இன்று பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. உலகத்து நூல்கள் பெரும்பாலும் அம்மொழியில் இருக்கையில் அதனைக் குறைகூறோம். எமது முறைப்பாடு வேறு.

எம் ஆச்சி சலரோகப் புண்ணோடு ஒரு வைத்தியசாலையிற் கிடந்தார். மாணவர் ஐந்தாறு பேர் கட்டிலைச் சூழ்ந்தனர், கேளாமலே போர்வையை விலக்கினர், ஆங்கிலத்திற் சம்பாஷித்தனர், போயினர். “தம்பி, என்ரை காலைக் கழட்டப் போகினமோ?” என்று ஆச்சி எம்மைக் கேட்டார். யாம் என் சொல்வோம்?

சற்று நேரத்தின்பின் அவர்களுள் ஒரு மாணவி தனியே திரும்பி வந்தார். “ஆச்சி, புண்ணை ஒருக்கால் பாக்கட்டோ?” என்று கேட்டு, ஆச்சி தலையசைக்கும்வரை காத்து நின்றார். ஆச்சி அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்.

“எனக்குத் தெரியாதணை ஆச்சி. பெரிய டாக்குத்தரைக் கேட்டுப் பின்னேரம் வந்து சொல்லுறன்.”

தெரியாது என்று சொல்லும் வைத்தியரை யாம் அதிகம் கண்டதில்லை. பின்னேரம் வருவார் என்றும் எண்ணவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணியும் அடித்தாயிற்று. அப்போதுதான் வந்தார். கொண்டுவந்த செய்தியும் நற்செய்தியன்று. கால் தப்பும், ஒரு விரலை எடுத்தே ஆகவேண்டும். அதனை மறையாது, ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எடுக்கட்டும். அந்த நேரம் நீயும் பக்கத்திலை நிப்பியோ, பிள்ளை?”