ஒன்பதாம் வகுப்போடு ஏன் நிறுத்துகிறீர்கள்?

நம் ஊர் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எழுதினால் அரை மணி நேரத்தில் லைக் குவிந்துவிடுகிறது. இன்று கால்பந்து. பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டி நடந்தது. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையை வாங்கியது நம் மதுரை சேது எஃப்.சி. சி.எஸ்.கே.வில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், தேசிய சீனியர் மகளிர் போட்டியில் தமிழ்நாடு முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. அப்போதும் எதிரில் மணிப்பூர்தான். 2023இல் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் கோப்பை. சேது அணிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர்; தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். "பந்து சோறு போடுமா?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பைன்ஸ் என்றொரு நாடு. நமக்குக் கிரிக்கெட் போல அவர்களுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். ஆண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பைப் பக்கமே போனதில்லை. பெண்கள் 2023இல் போனார்கள். போட்டியை நடத்திய நியூசிலாந்தையே 1-0 என்று தோற்கடித்தார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிலிப்பினோ பிள்ளைகள். அங்கே 1972இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் பள்ளி, கல்லூரி எதிலும் பெண் என்று ஒதுக்கக் கூடாது. விளையாட்டும் அதில் அடக்கம். அதனால் பெண் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் விடாமல் ஆடினார்கள். ஆடத் தெரிந்த பெண்கள் இருந்தால்தானே கிளப்பும் தேசிய அணியும்!

நம் பக்கத்தில் நடப்பது என்ன? எட்டாம் வகுப்பு வரை பையன்களை முந்திக்கொண்டு ஓடும் பிள்ளை, ஒன்பதாவது வந்ததும் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் உட்காருகிறது. பெரிய பிள்ளை ஆகிவிட்டதாம். டிராயர் போடக் கூடாதாம். பத்தாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் சென்டம் வந்துவிடப் போகிறதா? பையன்களுக்கு மட்டும் அதே பத்தாம் வகுப்பில் சாயங்காலம் கிரிக்கெட் நிற்பதே இல்லை, கவனித்தீர்களா?

டிராயர்தான் பிரச்சினை என்றால் டிராக் பேன்ட் போட்டு ஆடட்டும். இருட்டுவதுதான் பயம் என்றால் நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஆடட்டும். நீங்களே போய் அழைத்து வாருங்கள். டவுனுக்கு டியூஷன் அனுப்பும்போது ஏழு மணி பஸ்ஸில் தனியாகத்தானே வருகிறாள்?

என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டே இரண்டு கேளுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு பி.டி. பீரியட் உண்மையில் நடக்கிறதா? விளையாட்டுச் சாமான் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? பதிலைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். பந்து இல்லை என்று சொன்னால் அதையும் எழுதுங்கள், என் பென்ஷனில் வாங்கித் தருகிறேன்.