திரஸ்ட் வாஷரை மாற்றினால் மட்டும் போதுமா?

கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்துவிடாமல் நிறுத்திவைப்பது திரஸ்ட் பேரிங். பிஸ்டனின் அடியை எல்லா மெயின் பேரிங்குகளும் பங்குபோட்டுத் தாங்குகின்றன. நீளவாக்கில் வரும் தள்ளலைத் தாங்குவதோ அவற்றில் ஒன்றுதான். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் அது பெரும்பாலும் நடு மெயின், சிலவற்றில் கடைசி மெயின். சூடேறும்போது அலுமினிய பிளாக்கும் இரும்பு ஷாஃப்டும் ஒரே அளவுக்கு நீள்வதில்லை. இரண்டு இடத்தில் பிடித்தால் ஷாஃப்ட் இறுகிவிடும் என்பதால் ஒரே இடத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

இரு பக்கமும் விளிம்பு வைத்த மெயின் ஷெல்லாகவோ, தனியே செருகும் அரைவட்ட வாஷராகவோ இது வரும். எஃகு முதுகின்மேல் அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான பூச்சு இருக்கும். செம்பு, ஈயக் கலவையும் உண்டு. எண்ணெய்க்காடி வெட்டிய முகம் ஷாஃப்டைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எஃகு முதுகு ஷாஃப்டை அரைக்கத் தொடங்கும். அனுபவசாலிகளின் கையிலும் இது நடப்பதுண்டு.

எஞ்சினில் இருக்கும் பேரிங்குகளில் எண்ணெய் விஷயத்தில் ஏழை இதுதான். உருண்டை ஜர்னல் சற்றே மையம் விலகிச் சுழல்வதால் எண்ணெய் ஆப்புபோல் உள்ளே இழுபட்டு, ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு தட்டை முகங்களுக்கு நடுவே அந்த ஆப்பு எளிதில் உருவாகாது. கிடைப்பதும் மெயின் பேரிங்கின் இடைவெளி வழியே கசிந்து வரும் மிச்ச எண்ணெய்தான். கப்பல்களுக்கும் நீர்மின் டர்பைன்களுக்கும் இதற்கான விடை எப்போதோ கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் மிச்செல் 1905-இல் காப்புரிமை பெற்றதும், அமெரிக்காவின் கிங்ஸ்பரி தனியாகவே கண்டதும், தாமாகச் சாய்ந்து கொடுக்கும் பட்டைகளைக் கொண்ட பேரிங். கார் எஞ்சினில் அதற்கு இடமும் இல்லை, விலையும் கட்டுப்படியாகாது. முகத்திலேயே மெல்லிய சரிவு கொடுத்துச் சில தயாரிப்பாளர்கள் சமாளிக்கிறார்கள்.

கியர் வண்டியில் முக்கியமான சுமை கிளட்சிலிருந்து வருகிறது. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் டயஃப்ரம் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. சாதாரணக் காரிலேயே நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த அழுத்தம் ஃபிளைவீல் வழியாக ஷாஃப்டை முன்பக்கம் தள்ளுகிறது. கியர் மாற்றும் சில விநாடிகளுக்கு அது பெரிய பாரமல்ல. சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே நிற்பதும், மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து வைப்பதும்தான் பேரிங்கைத் தின்கின்றன. கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில், எண்ணெய் வந்து சேருமுன்பே முழுச் சுமையும் ஏறிவிடுகிறது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாட்டைக் கழற்றிவிடச் சொல்வது முறையாகாது. எஞ்சின் பிடித்ததும் நியூட்ரலில் பெடலை விட்டுவிடும்படி வண்டிக்காரரிடம் சொல்லலாம்.

வடிவமைப்பே கைவிட்டால் என்னவாகும் என்பதற்கு, 1962 முதல் 1980 வரை பிரிட்டனில் தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நல்ல சாட்சி. பின் மெயினின் இரு பக்கமும் பிளாக்கில் மட்டும் அரைவட்ட வாஷர். கேப்பில் ஒன்றும் கிடையாது. தேய்ந்து மெலிந்த வாஷர் நழுவி சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் சுழலும் ஷாஃப்ட் நேராக பிளாக்கையே உரசும். சின்ன வாஷரில் முடிந்திருக்க வேண்டிய செலவு பிளாக்கை மெஷின் செய்வதில் போய் நிற்கும்.

சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்புற புல்லியைப் பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியும்படி அது நகர்ந்தால் விஷயம் முற்றிவிட்டது. ஐடிலில் கேட்கும் மந்தமான தட்டல் பெடலை மிதித்ததும் நின்றாலும் சந்தேகப்பட வேண்டும். சரியான அளவுக்கு டயல் கேஜ் வேண்டும்: காந்த அடியை பிளாக்கில் ஒட்டி, முனையை ஷாஃப்டின் நுனியில் வைத்து, நெம்பி முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இந்த முன்பின் அசைவு (எண்ட் பிளே) 0.05 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கும், 0.30-ஐ ஒட்டி எல்லை வரும். தயாரிப்பாளரின் மேனுவலே இறுதி.

புதிய வாஷர் போடுமுன் பழையது எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் தவறிப்போவது இந்த இடத்தில்தான். வாஷர் மாறுகிறது, தேய்த்த காரணம் வண்டியிலேயே இருந்துவிடுகிறது. பின் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கிளட்ச் பக்கம் தேட வேண்டும்: பெடலில் ஃப்ரீ பிளே இல்லையா, வண்டியோடு வந்ததைவிடக் கடினமான பிரஷர் பிளேட் போட்டிருக்கிறார்களா? ஆட்டோமேட்டிக் வண்டியானால் டார்க் கன்வெர்டர். கூலர் லைன் அடைபட்டால் கன்வெர்டருக்குள் பிரஷர் ஏறி, அதுவும் ஷாஃப்டை முன்பக்கமே தள்ளும். கன்வெர்டரை முழுக்க உட்காரவைக்காமல் கியர்பாக்ஸை இறுக்கியிருந்தாலும் இதே கதி. எஞ்சின் எர்த் ஒயர் அரித்துப்போய், மின்சாரம் ஷாஃப்ட் வழியே பாய்ந்து முகத்தைப் பொரித்துவிடுவதும் உண்டு. பூச்சு பனி படர்ந்ததுபோல் மங்கியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

ஜர்னலைக் கிரைண்ட் செய்யும்போது காட்டும் அக்கறை திரஸ்ட் முகத்துக்குக் கிடைப்பதில்லை. கல்லின் பக்கவாட்டில் உரசிய கீறலோடு மாட்டினால், புது வாஷர் சில நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காமல் போகலாம். விளிம்புள்ள ஷெல்லானால் கேப் போல்ட்டுகளை லேசாகப் பிடித்து, மென்சுத்தியலால் ஷாஃப்டைப் பின்னும் முன்னும் தட்டி, முன்பக்கம் தள்ளிப் பிடித்தபடியே டார்க் கொடுக்க வேண்டும். இல்லையேல் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே தளத்தில் நிற்காமல், சுமை முழுக்க ஒரு பாதியில் விழும். பிறகு மறுபடி டயல் கேஜ். அளவு கூடினால் 0.125 மி.மீ. தடித்த வாஷர் கிடைக்கும் எஞ்சின்கள் உண்டு. மேனுவலின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் எண்ணெய் நுழைய இடமிருக்காது. அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.