தோவாளைக் காற்றும் சைக்கிள் கணக்கும்

ஒரு மனிதன் சைக்கிளில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போக முடியும்?

40 கிலோமீட்டரா? 150 கிலோமீட்டரா? 400 கிலோமீட்டரா?

மூன்றும் நடந்திருக்கிறது! யார் போகிறார், எதற்காகப் போகிறார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது விடை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். நாட்டின் எந்த மூலையிலிருந்து சைக்கிளில் கிளம்பினாலும், பலர் கடைசியில் வந்து சேருவது குமரிமுனைக்குத்தான்.

இரண்டு அணிகள்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அப்படி ஒரு பெரிய பயணம் நடந்தது. மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் 125 பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். ஒரு அணி குஜராத்தின் லக்பத்திலிருந்து மேற்குக் கடற்கரை வழியாக வந்தது. மற்றொரு அணி மேற்கு வங்காளத்தின் பக்காலியிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாக வந்தது. மார்ச் 7ஆம் தேதி தொடங்கிய பயணம், மார்ச் 31ஆம் தேதி கன்னியாகுமரியில் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்கு அணிக்கு 3,775 கிலோமீட்டர். கிழக்கு அணிக்கு 2,778 கிலோமீட்டர். இரண்டுக்கும் 25 நாட்கள். அதாவது மேற்கு அணி நாளைக்கு 151 கிலோமீட்டர். கிழக்கு அணி நாளைக்கு 111 கிலோமீட்டர்!

இதையும் மிஞ்சியவர் உண்டு. காஷ்மீரைச் சேர்ந்த ஆதில் தேலி என்ற இளைஞர், 2021 மார்ச்சில் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,600 கிலோமீட்டரை 8 நாள், 1 மணி, 37 நிமிடத்தில் கடந்து கின்னஸ் சாதனை செய்தார். நாளைக்குச் சுமார் 446 கிலோமீட்டர். சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் சேர்த்து மணிக்குப் 18½ கிலோமீட்டர்!

இதைப் படிக்கும் பையன்களுக்குக் கால் பரபரக்கும். "அவர் 446 போனார். நாம் 150 போகமாட்டோமா?" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

44 கிலோமீட்டர் வீரர்கள்

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து சில பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூன்று பேர் மட்டும் 1928 மார்ச்சில் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர். பாலைவனம், பனிமலை, காடு எல்லாம் தாண்டிய பயணம்.

அவர்களுடைய நாள் சராசரி எவ்வளவு தெரியுமா? வெறும் 44 கிலோமீட்டர்!

அவர்களுக்குக் காலில் வலுவில்லையா? அப்படி அல்ல. தங்கிய நாள், நோயாகப் படுத்த நாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த நாள் எல்லாம் கணக்கில் சேரும். நீண்ட பயணம் செய்கிறவனுடைய உண்மையான வேகம் இதுதான். சாதனைக்காரருடைய வேகம் எட்டு நாளைக்குத் தாங்கும். வருஷக் கணக்கில் தாங்குமா?

சராசரி என்பது என்ன?

போன மொத்தத் தூரத்தை, ஆன மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது சராசரி வேகம். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். "நான் மணிக்கு 20 கிலோமீட்டர் மிதிப்பேன்" என்பார்கள். மிதிப்பது வாஸ்தவம்தான். டீக்கடையில் நின்ற அரை மணியை யார் கணக்கில் எழுதுவது? பஞ்சர் ஒட்டிய நேரம்?

பிரான்ஸ் நாட்டில் 1891இல் தொடங்கிய பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் என்ற புகழ்பெற்ற சைக்கிள் ஓட்டம் இன்றும் நடக்கிறது. 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்கவேண்டும். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்குப் 13 கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது. பல மாதம் பழகியவர்களுக்கே இந்தக் கெடு!

நம் வீடுகளில் இருப்பது கியர் இல்லாத கனமான சைக்கிள். பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளும் அந்த ரகம்தான். கேரியரில் ஒரு மூட்டையும் கட்டிக்கொண்டால், சமதரையில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். நாளைக்கு ஐந்து மணி நேரம் மிதித்தால் 60, 70 கிலோமீட்டர். பழகாத ஆளுக்கு அது போதும்.

கணவாய் காட்டும் வேடிக்கை

இனி தோவாளைக்கு வருவோம். பூச்சந்தைக்குப் பேர் போன ஊர். திருநெல்வேலியிலிருந்து வரும் நெடுஞ்சாலை காவல்கிணற்றில் பிரிகிறது. ஒரு கிளை நேரே கன்னியாகுமரிக்குப் போகிறது. மற்றொன்று முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறது. இந்த இரண்டாவது சாலை மலைகளுக்கு நடுவே உள்ள கணவாயில் நுழைகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கேயிருந்து வந்து மலையில் முட்டுகிறது. இந்த இடைவெளி கிடைத்ததும், புனலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுழல்வது இதனால்தான். மின்சாரத்துக்கு நல்ல காற்று. நாகர்கோவிலை நோக்கி மிதிக்கிறவனுக்கு?

காற்றே இல்லாத நாளில் 14 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் முகத்தில் 14 கிலோமீட்டர் காற்று படும். எதிரே 14 கிலோமீட்டர் காற்று வீசினால், முகத்தில் படுவது 28. காற்று இரண்டு மடங்கானால் தடுக்கும் பலம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்! அதே மூச்சில் மிதித்தால் வேகம் பாதியாகிவிடும்.

"போகும்போது தள்ளினாலும், வரும்போது தூக்கிவிடுமே, சரியாகப் போய்விடாதா?" என்று கேட்கலாம். சரியாகாது. நாகர்கோவிலிலிருந்து 20 கிலோமீட்டர், காற்றோடு மணிக்கு 20 வேகத்தில் போனால் ஒரு மணி நேரம். அதே 20 கிலோமீட்டரைக் காற்றை எதிர்த்து மணிக்கு 8 வேகத்தில் திரும்பினால் இரண்டரை மணி நேரம். ஆக 40 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி. சராசரி பதினொன்றுதான் வருகிறது. இருபதையும் எட்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பதினான்கு என்று நினைத்தவர் இருட்டில் மாட்டிக்கொள்வார். மெதுவாகப் போகும் வழியில்தான் அதிக நேரம் கழிகிறது. அது சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

இருட்டும் லாரியும்

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மாலை 5 மணிக்குச் சேர நினைத்தவன் 8 மணிக்கும் சாலையில் இருப்பான். களைத்த உடம்பு. சைக்கிளில் விளக்கு கிடையாது. பக்கத்தில் லாரிகள். பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருக்கும் காற்றை லாரி ஒரு நொடி மறைத்து, தாண்டியதும் மறுபடி விடும்போது சைக்கிள் ஆடிப்போகும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். திட்டம் போடும்போதே இதை நினைக்கவேண்டும். "இன்றைக்கே போய்ச் சேர்ந்தாகவேண்டும்" என்பது வீண் வீம்பு.

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். நன்றாகப் பழகியவர்கள் இதை மூன்று நாளாகப் பிரிக்கலாம். முதல் நாள் சாத்தூர். இரண்டாம் நாள் திருநெல்வேலி. மூன்றாம் நாள் குமரி. பழகாதவர்கள் ஒரு நாள் கூட்டிக்கொள்ளட்டும். விடியும்போதே கிளம்பினால், வெயில் ஏறுமுன் பாதி வழி முடிந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகல் சவாரி கூடவே கூடாது.

ஆனி, ஆடியில் நாகர்கோவில் பக்கம் வருகிறவர்கள் வள்ளியூரில் ஒரு இரவு தங்குவது நல்லது. மறுநாள் காலையில் கணவாயைத் தாண்டவேண்டும். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்கவேண்டும். மார்கழி, தையில் வந்தால் அதே தூரத்துக்கு ஒன்றரை மணி போதும். தோவாளையில் இறங்கிப் பூச்சந்தையைப் பார்க்கவும் நேரம் இருக்கும்.